கதவுக்கும் தூணுக்கும் நடுவே: சென்ட்ரல் லாக் வயரிங்கைச் சரிசெய்து கொடுத்த ஓர் அம்பத்தூர் பட்டறை

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு முற்பகலில், வீட்டு வாசலில் காரை நிறுத்தி என்ஜினை அணைத்து, சாவியை அதன் துளையிலேயே விட்டுவிட்டு, பின்னிருக்கையில் இருந்த மூன்று வயதுப் பேத்தியை இறக்குவதற்காக நான் இறங்கி என் பக்கத்துக் கதவைச் சாத்திய அந்த நொடியில், கதவுகள் தாமாகவே பூட்டிக்கொண்டன. கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. வெயில் நேராக முன்கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. என் மனைவி மாடியிலிருந்து இரண்டாவது சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் மூன்று அல்லது நான்கு நிமிடங்கள்தாம் ஆகியிருக்கும்; குழந்தைக்கு வியர்த்திருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. ஆனாலும் அந்த நிமிடங்களை நான் மறக்கவில்லை. கதவுப் பூட்டின் மின்கோளாறு என்பது வசதிக் குறைவு மட்டுமே என்று அதுவரை எண்ணி, இரண்டு மாதங்களாகத் தள்ளிப்போட்டுவந்தவன் நான். இந்த மதிப்புரையை விரிவாக எழுதுவதற்கு முதற்காரணம் அந்த முற்பகல்தான்.

கார் பதினோரு ஆண்டுகள் ஓடிய ஒரு சிறிய ஹேட்ச்பேக். கோளாறு ஒரே நாளில் வந்ததன்று. முதலில் இடது பின்கதவு மட்டும் ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல் நின்றது. அதைக் கையால் அழுத்திப் பூட்டியே வைத்துப் பழகிக்கொண்டோம். பிறகு ஓட்டுநர் கதவு சில நாள் பூட்டும், சில நாள் பூட்டாது. அதே கதவில் உள்ள ஸ்பீக்கரும் அவ்வப்போது ஊமையாகும். கடைசியாக, யாரும் பூட்டைத் தொடாதபோதே மற்றக் கதவுகள் பூட்டிக்கொள்வது தொடங்கியது. இந்த மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகளா, வெவ்வேறு நோய்களா என்பது எனக்கு விளங்கவில்லை.

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் நிலையத்துக்குத்தான் முதலில் சென்றேன். அங்கே காரைக் கணினியில் இணைத்துப் பார்த்தார்கள். பிழைக் குறியீடு எதுவும் வரவில்லை என்றார்கள். அடுத்த நாள் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் நான்கு கதவுகளுக்கும் புதிய ஆக்சுவேட்டர் (பூட்டை நகர்த்தும் சிறு மோட்டார்ப் பெட்டி), ஓட்டுநர் கதவுக்கு முழு வயரிங் செட், பூட்டுகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, கூலி என்று எல்லாம் சேர்ந்து 31,400 ரூபாய் இருந்தது. இவற்றில் எது பழுதாகியிருக்கிறது என்று கேட்டேன். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் கோளாறு நிச்சயம் போய்விடும் என்பதுதான் பதிலாகக் கிடைத்தது. அது பொய்யான பதில் அன்று. ஆனால் தொலைபேசித் துறையின் கேபிள் இணைப்புப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், ஒரு வீட்டுத் தொலைபேசி கரகரத்தால் தெருவின் கேபிள் முழுவதையும் மாற்றும் வழக்கம் எங்களுக்கு இருந்ததில்லை. பழுதின் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. சரிசெய்வது அதற்குப் பிறகு வரும் சிறிய பகுதி.

ஒரு பழைய சகப் பணியாளர் சொல்லித்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் உள்ள இந்தப் பட்டறைக்குப் போனேன். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை மட்டுமே செய்கிறார்கள்; என்ஜினைத் தொடுவதில்லை, பெயின்ட் வேலையும் இல்லை. உரிமையாளர் ஐம்பது வயதைக் கடந்தவர். பேருந்துக் கூண்டு கட்டும் இடங்களில் வயரிங் வேலை பார்த்துவிட்டுப் பிறகு தனியாகக் கடை வைத்தவர். உதவிக்கு இரண்டு இளைஞர்கள் இருக்கிறார்கள். தம் பெயரையும் எண்ணையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை இங்கே தரவில்லை. தொழிற்பேட்டைப் பகுதியில் கார் வயரிங் கடை என்று விசாரித்தால் இரண்டாவது ஆளே வழிகாட்டிவிடுவார்.

எனக்கு முதலில் நம்பிக்கை தந்தது உரிமையாளர் கேட்ட கேள்விகள். காரின் பானெட்டைத் திறக்கவில்லை, ஃபியூஸ் பெட்டியையும் திறக்கவில்லை. தானாகப் பூட்டிக்கொள்வது வண்டி ஓடும்போதா நிற்கும்போதா, மழை பெய்த பிறகா வெயிலிலா, பள்ளத்தில் இறங்கும்போதா, கதவைத் திறந்து மூடும்போதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். பேத்தி உள்ளே இருந்த அன்றும், அதற்கு முன்பு நடந்த மூன்று முறையும், ஓட்டுநர் கதவைச் சாத்திய உடனேதான் அது நிகழ்ந்திருந்தது. அதுவரை அந்தத் தொடர்பு எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கதவின் ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று அடுத்து அவரே கேட்டபோது, கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அவர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார் என்று புரிந்தது. ஆனால் முடிவு செய்ததை நிரூபிக்காமல் கத்தரிக்கோலை எடுக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் எங்கள் கார் போன்ற வண்டிகளில் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விளக்கினால்தான் அவர் செய்ததன் அருமை தெரியும். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஆக்சுவேட்டர் என்ற சிறிய பெட்டி இருக்கிறது. அதனுள் ஒரு டிசி மோட்டாரும் சில பிளாஸ்டிக் பற்சக்கரங்களும் உள்ளன. மோட்டாருக்கு இரண்டே கம்பிகள். சும்மா இருக்கும்போது இரண்டும் எர்த்தோடு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தோடு, சேர்ந்திருக்கும். பூட்ட வேண்டுமானால் ஒரு கம்பிக்கு மட்டும் அரை நொடி அளவுக்கு 12 வோல்ட் போகும்; திறக்க வேண்டுமானால் மற்றக் கம்பிக்குப் போகும்; மின்னோட்டத்தின் திசை மாறுவதால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். இந்தத் திசை மாற்றத்தைச் செய்வது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் ரிலேக்கள் என்ற, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள். ஓட்டுநர் கதவின் ஆக்சுவேட்டரில் மட்டும், மோட்டார் கம்பிகளோடு, பூட்டின் நிலையைப் பெட்டிக்குச் சொல்லும் சுவிட்ச் கம்பிகளும் கூடுதலாக உண்டு. ஓட்டுநர் தம் கதவைக் கையால் அழுத்திப் பூட்டினால் அந்தச் சுவிட்ச், பூட்டும் சமிக்ஞைக் கம்பியை எர்த்தோடு சேர்க்கும். உடனே பெட்டி எல்லாக் கதவுகளையும் பூட்டும். எனவே, அந்தச் சமிக்ஞைக் கம்பி வழியில் எங்கேனும் தோல் உரிந்து எர்த்தைத் தொட்டால் போதும். யாரோ ஓட்டுநர் கதவைப் பூட்டிவிட்டார்கள் என்று பெட்டி எடுத்துக்கொண்டு, தன் கடமையை ஒழுங்காகச் செய்துவிடும். எங்கள் காரில் நடந்தது இதுதான். 31,400 ரூபாய் மதிப்பீட்டில் மாற்றச் சொல்லியிருந்த அந்தப் பெட்டியில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

முதலில் பேட்டரியை அளந்தார்: 12.5 வோல்ட். பேட்டரி இறங்கியிருந்தாலும் பூட்டுகள் பாதி தூரம் நகர்ந்து நிற்கும் என்பதால் அதை முதலில் விலக்கிவிட வேண்டும் என்றார். அடுத்து ஃபியூஸ். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு விடவில்லை. பொருத்தியபடியே அதன் தலையில் உள்ள இரண்டு புள்ளிகளிலும் மீட்டர் முனையை வைத்து, இரு பக்கமும் மின்சாரம் இருப்பதை உறுதிசெய்தார். பிறகு ஓட்டுநரின் கால் பக்கத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கதவிலிருந்து வரும் வயர்கள் வந்து சேரும் கப்ளரை, அதாவது செருகு இணைப்பியை, பிரித்தார். கதவின் உட்புற மூடியான டோர் பேடையும் கழற்றி, ஆக்சுவேட்டரின் கப்ளரையும் பிரித்துவிட்டார். இப்போது சந்தேகத்துக்குரிய கம்பிகள் இருபுறமும் எதோடும் ஒட்டாமல் தனியாக நின்றன.

இங்கேதான் இந்தப் பட்டறையைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வருகிறது. ஒரு மோட்டார் கம்பியின் ஒரு முனையில் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் கொடுத்து, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தார். மீட்டர் 12.4 காட்டியது. எவரும் அந்தக் கம்பி நன்றாக இருக்கிறது என்றே முடிவு செய்திருப்பார்கள். பிறகு மீட்டரை எடுக்காமலேயே, அதே முனையில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை எர்த்தோடு இணைத்தார். பல்பு எரியவில்லை, இழை மட்டும் மங்கிய சிவப்பாகத் தெரிந்தது. மீட்டர் 3 வோல்ட்டுக்கு விழுந்தது. காரணம் எளியது. டிஜிட்டல் மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதால், கம்பிக்குள் இழைகள் அறுந்து அவற்றின் முனைகள் லேசாக உரசிக்கொண்டிருந்தாலும் அதன் வழியாக முழு வோல்டேஜ் காட்டிவிடும். 21 வாட் பல்போ ஏறக்குறைய 1.75 ஆம்பியர் கேட்கும். அந்த லேசான உரசலால் அதைச் சுமக்க முடியாது. பூட்டு மோட்டார் அதைவிடவும் அதிகம் கேட்கும். சுமை வைத்துப் பார்க்காத அளவீட்டை நம்பக்கூடாது என்பதை எங்கள் துறையில் பழைய மேஸ்திரிகளிடம் கற்றவன் நான். அதை ஒரு கார் பட்டறையில் மறுபடி கண்டபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

பல்பு இணைந்திருந்த நிலையிலேயே கதவை மெல்ல அசைக்கச் சொன்னார். கதவு முழுதாகத் திறந்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது, பாதியில் நடுங்கியது, சாத்தும் நிலைக்கு வந்தபோது அணைந்தது. இதற்குமேல் ஐயப்பட ஒன்றும் இல்லை. கதவைத் தாங்கும் காரின் முன் தூணுக்கும் கதவுக்கும் நடுவே, கீல்களுக்கு இடையில் இருக்கும் நெளிநெளியான ரப்பர் குழாயைப் பின்னுக்குத் தள்ளினார். உள்ளே கம்பிகள் மேலோட்டமாகப் பார்க்க நன்றாகவே இருந்தன. ஒவ்வொன்றையும் விரல்களுக்கிடையில் பிடித்து லேசாக இழுத்தபோது, அந்த ஒரு மோட்டார் கம்பி மட்டும் ரப்பர் நாடாவைப் போல நீண்டது. உள்ளே செம்பு அறுந்து, மேல்தோல் மட்டுமே தாங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் சுவிட்ச் சமிக்ஞைக் கம்பியும் கறுப்பு எர்த் கம்பியும் ஒரே இடத்தில் தோல் வெடித்து, கதவு மூடும்போது ஒன்றையொன்று தொடும்படி மடங்கியிருந்தன. ஸ்பீக்கரின் கம்பிகள் இரண்டும் பாதி அறுந்திருந்தன. மொத்தம் ஐந்து. ஒரு கதவு நாளுக்குப் பத்து முறை திறக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டாலே, பதினோரு ஆண்டுகளில் அந்தக் கம்பிகள் 40,000 முறை மடங்கி நிமிர்ந்திருக்கும். அதிகம் பயன்படும் ஓட்டுநர் கதவில் இது முதலில் வருவது இயல்பே.

கண்டுபிடிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை ஒரு கம்பிகூட வெட்டப்படவில்லை, எந்த உதிரிப்பாகமும் வாங்கப்படவில்லை.

சரிசெய்த முறையையும் நான் அருகிலிருந்து பார்த்தேன். இணைப்பு போடுவது என் தொழிலாக இருந்ததால், இந்தப் பகுதியில் என் அளவுகோல் கொஞ்சம் கடுமையானது. பெரும்பாலான இடங்களில் செய்வது என்னவென்றால், அறுந்த இடத்திலேயே இரண்டு முனைகளையும் முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, ரப்பர் குழாயைத் திரும்ப மாட்டிவிடுவது. அது ஆறு மாதம் தாங்கினால் அதிகம். சென்னை வெயிலில் கதவின் தகடு கொதிக்கும்போது அந்த டேப்பின் பசை உருகி வழிந்துவிடும். இணைப்பு மீண்டும் தளரும். அறுந்த இடத்திலேயே சாலிடர் வைப்பதும் தவறுதான். சாலிடர் இழைகளுக்கிடையே ஊறிச் சென்று அந்தப் பகுதியை ஒற்றைக் கம்பிபோல விறைப்பாக்கிவிடும்; மடங்கும் இடத்தில் விறைப்பு இருந்தால், அந்த விறைப்பு முடியும் ஓரத்தில் அடுத்த முறிவு நிச்சயம்.

இவர் செய்தது வேறு. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்தார். ரப்பர் குழாயின் வழியாக மடங்கும் பகுதி முழுவதையும் ஐந்து கம்பிகளிலும் வெட்டி எடுத்துவிட்டு, மெல்லிய இழைகள் அதிகம் உள்ள வாகன வயரைப் புதிதாக இழுத்தார். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் கம்பியை இங்கே போடக்கூடாது. அதன் இழைகள் குறைவு, தடிமன் அதிகம், அடிக்கடி மடக்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. இணைப்புகள் அனைத்தும் குழாய்க்கு வெளியே அமைந்தன: ஒரு முனை கதவுக்குள், மறுமுனை கால்பக்க மூடிக்குள். ஒவ்வொரு முனையிலும் ஐந்து இணைப்புகளும் ஒரே இடத்தில் குவிந்து புடைக்காதபடி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நகர்த்தி வைத்தார். ஒவ்வொன்றிலும் சாலிடர், அதன்மேல் உட்புறம் பசை பூசிய, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்; சூடுபட்டதும் ஸ்லீவின் இரு ஓரங்களிலும் பசை வளையமாகப் பிதுங்குவதைக் கண்டால்தான் ஈரம் புகாது என்று பொருள். கட்டு முழுவதையும் துணி டேப்பால் சுற்றினார். தொலைபேசிக் கேபிள்களில் இதே வகை ஸ்லீவை நாங்கள் ஆளுயரக் குழிகளுக்குள் உட்கார்ந்து, தீச்சுடர் காட்டிச் சுருக்கிப் போட்டிருக்கிறோம். ஓரத்தில் பசை பிதுங்காத இணைப்பு அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் குடித்துவிடும். இந்தப் பத்து இணைப்புகளில் ஒன்றில்கூட அந்தக் குறை இல்லை. அறுந்த பழைய துண்டுகளை என்னிடமே கொடுத்தார். இன்னும் என் மேசையில் வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு குறை. பழுப்புக் கம்பி கையிருப்பில் இல்லை என்று அதற்குப் பதிலாகச் சாம்பல் நிறக் கம்பியைப் போட்டார். இரு முனைகளிலும் வெள்ளை டேப்பில் குறித்து ஒட்டியிருக்கிறார் என்றாலும், பத்து ஆண்டு கழித்து வேறொருவர் அந்தக் கதவைத் திறக்கும்போது அந்த டேப் இருக்குமா என்பது ஐயமே. நிறம் மாறிய கம்பி, பிறகு வருபவரின் அரைநாளைத் தின்றுவிடும். இதை அவரிடமே சொன்னேன், ஏற்றுக்கொண்டார். என் வற்புறுத்தலின் பேரில் ஒரு சிறிய வரைபடத்தை அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைக் காரின் கையேட்டோடு வைத்திருக்கிறேன்.

இடது பின்கதவின் கதை தனி. அதற்கு வரும் கம்பிகளில் பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்தது. அதாவது கம்பி நன்றாக இருக்கிறது, கோளாறு கதவுக்குள்ளேயே. பேடைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்காக இருக்கும் துளைகள் மண்ணாலும் சருகாலும் அடைபட்டிருந்தன. கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கியிருந்திருக்கிறது. ஆக்சுவேட்டரின் கப்ளரில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாளும் எப்போதோ ஒருமுறை கழற்றப்பட்டு, சரியாக ஒட்டப்படாமல் தொங்கியது. அந்தத் தாளை வெறும் தூசித் திரை என்று எண்ணிக் கிழித்துப் போடுபவர்கள் உண்டு. மழைநீர் காரின் உட்புறத்துக்கு வராமல் தடுப்பது அதுதான்.

ஆக்சுவேட்டரை வெளியே எடுத்து, நேரடியாக 12 வோல்ட்டை ஒரு கணம் தொட்டுக் காட்டினார். முனகியது, நகரவில்லை. களிம்பைத் துடைத்து மீண்டும் கொடுத்தபோது இரண்டு முறை நகர்ந்து நின்றுவிட்டது. மூன்று வழிகள் இருக்கின்றன என்று சொன்னார்: நிறுவனத்தின் புதிய பாகம், ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கிடைக்கும் வேறு தயாரிப்பு, அல்லது புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய அசல் பாகம். பழையதை அவர் பரிந்துரைக்கவில்லை. அதுவும் இதே பதினோரு ஆண்டு மழையையும் வெயிலையும் பார்த்ததாகத்தான் இருக்கும் என்ற அவர் காரணம் எனக்குச் சரியாகப் பட்டது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து 950 ரூபாய்க்கு ஒன்று வந்தது. பொருத்துவதற்கு முன் மேசையில் வைத்தே இருபுறமும் பத்து முறை ஓட்டிப் பார்த்தார். இடையிடையே கொஞ்சம் நேரம் விட்டார். இவ்வகை மோட்டார்களில் பலவற்றுக்குள் சூடேறினால் மின்சாரத்தைக் குறைத்துவிடும் பாதுகாப்பு இருப்பதால், தொடர்ந்து அழுத்திச் சோதிப்பவர்கள் நல்ல மோட்டாரையே கெட்டது என்று தூக்கி எறிந்துவிடுவதுண்டு என்றார். பிறகு வடிகால் துளைகளைக் குத்தி, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி அது அடியில் வடிவதைக் காட்டினார். பிளாஸ்டிக் தாளைப் புதிய பியூட்டைல் பசைநாடாவால் ஒட்டினார். பேட்டரியை மீண்டும் இணைத்த பிறகு, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியின் ஒரே அழுத்தில் இறங்கி ஏறும் வசதி மறந்துபோயிருந்தது; அதையும் நினைவில் வைத்திருந்து, கண்ணாடியை முழுவதும் இறக்கி ஏற்றி மறுபடி பழக்கிவிட்டுத்தான் சாவியைத் தந்தார்.

பில் இவ்வாறு இருந்தது: கோளாறு கண்டறிந்ததற்கு 500, ஓட்டுநர் கதவு வயரிங் வேலைக்கு 1,200, ஆக்சுவேட்டர் 950, அதைப் பொருத்திய கூலி 400, வயர், ஸ்லீவ், டேப் வகைக்கு 100, ஆக 3,150 ரூபாய். கண்டறியும் கூலியைத் தனியாகக் காட்டியிருப்பது எனக்குப் பிடித்தது. வேலையை அங்கே கொடுக்காவிட்டாலும் அந்த 500 ரூபாயைக் கொடுத்துவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். அந்த ஒன்றரை மணி நேர உழைப்புக்கு அது குறைவான தொகை என்பதே என் கருத்து. பாகங்களை விற்றுத்தான் லாபம் என்ற நிலை இருக்கும்வரை, பாகத்தை மாற்றாமல் பழுதைத் தேடும் பொறுமை யாருக்கும் கட்டுப்படியாகாது.

இனி குறைகள். இரண்டு நாளில் முடியும் என்றது நான்கு நாள் ஆனது. இடையில் ஒருநாள் பட்டறை முன்னறிவிப்பின்றி மூடியிருந்தது. தொலைபேசியை எடுப்பது அரிது. காத்திருக்க ஒரு பெஞ்சும் வேப்பமர நிழலும் மட்டுமே உண்டு. வயதானவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம். பேடைக் கழற்றும்போது உதவியாளர் தம்பி இரண்டு பிளாஸ்டிக் கிளிப்புகளை உடைத்துவிட்டார். புதியவை போட்டுக் கொடுத்தார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை. ஆனால் நான் சுட்டிக்காட்டிய பிறகே போட்டார்கள். யுபிஐ வழியாகப் பணம் செலுத்தலாம், கார்டு இல்லை. ஜிஎஸ்டி பில் கிடையாது, கையெழுத்து ரசீதுதான். தாம் போட்ட இணைப்புகளுக்கு ஆறு மாத உத்தரவாதம் தருகிறார். ஆக்சுவேட்டருக்குக் கடைக்காரர் தரும் உத்தரவாதத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. இதை வேலை தொடங்குமுன்பே சொல்லியிருக்கலாம்.

இந்தப் பட்டறை எல்லாக் கார்களுக்கும் ஏற்றதன்று என்பதையும் எழுதியாக வேண்டும். அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் கதவுக்குள்ளேயே சிறு மின்னணுப் பலகை இருக்கிறது. பூட்டு, கண்ணாடி, பக்கவாட்டு ஆடி எல்லாவற்றுக்குமான கட்டளைகள் ஒன்றிரண்டு தகவல் கம்பிகள் வழியாகவே போகின்றன. அத்தகைய கம்பியில் பல்பு வைத்துச் சோதித்தால் பல்பு இழுக்கும் மின்னோட்டமே பலகையைக் கெடுத்துவிடலாம். உரிய ஸ்கேனர் இல்லாமல் அவற்றைத் தொட மாட்டேன் என்று உரிமையாளரே சொல்கிறார்; நான் அங்கிருந்தபோது வந்த ஒரு புதிய எஸ்யூவியை அவ்வாறே திருப்பி அனுப்பினார். கதவிலோ இருக்கையிலோ ஏர்பேக் உள்ள கார்களில், மஞ்சள் உறை போட்ட கம்பிகளையும் மஞ்சள் கப்ளர்களையும் அவர் நெருங்குவதில்லை. எங்கள் கார் போன்ற, ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கம்பி என்று எளிமையாக அமைந்த பழைய வண்டிகளுக்கே இந்தப் பரிந்துரை.

வேலை முடிந்த பிறகு ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் கடந்துவிட்டது. நான்கு கதவுகளும் ஒரே சத்தத்தில் பூட்டுகின்றன, திறக்கின்றன. ஸ்பீக்கர் ஒருமுறைகூட நிற்கவில்லை. தானாகப் பூட்டிக்கொள்வது அறவே இல்லை. மார்கழியில் ஓட்டுநர் கதவின் ரப்பர் குழாயை நானே விலக்கிப் பார்த்தேன். உள்ளே உலர்ந்திருந்தது, புதிய கம்பிகள் மெதுவாக வளைந்து படுத்திருந்தன, எதுவும் இழுபடவில்லை.

அங்கே செல்பவர்கள் காலை பத்து மணிக்கு முன் போய்விடுவது நல்லது. அதற்குப் பிறகு வரிசை சேர்ந்துவிடுகிறது. இரண்டு சாவிகளையும் எடுத்துச் செல்லுங்கள், சோதனையின்போது கதவு பூட்டிக்கொண்டால் ஒன்று வெளியே இருக்க வேண்டும். போவதற்கு முன் ஒரு வாரமாவது, கோளாறு எந்த நேரத்தில், எந்தக் கதவைத் திறந்தபோது அல்லது மூடியபோது வந்தது, அப்போது வேறு எது நின்றது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், அவர் அதைத்தான் முதலில் வாங்கிப் படிப்பார். அந்த ஒரு வாரமும் சாவியைக் காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.